காலும் தண்ணீரும்

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்து, நம் பூங்காத் திடலில் என்ன மாற்றலாம் என்று கேட்டுப் பாருங்கள். புதுக் கூடைகள் வேண்டும் என்பார் ஒருவர். நாலாவது ஹோலை, அதாவது எறியும் மேடையிலிருந்து கூடை வரையுள்ள நாலாவது தடத்தை, இன்னும் முப்பது மீட்டர் பின்னால் இழுக்க வேண்டும் என்பார் அடுத்தவர். குளத்தைத் தாண்டி எறிகிறமாதிரி ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று மூன்றாமவர் கனவில் இறங்கிவிடுவார். எட்டாவது டீயின், அதாவது எறியத் தொடங்கும் மேடையின், முன்னால் மழைக்காலம் முழுக்கச் சேறாகக் கிடக்கும் குழியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைத் தாண்டிக் குதிக்க எல்லோரும் பழகிவிட்டார்கள்.

திடல் பராமரிப்பில் சில காலமாகத் தோள்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தக் குழியை மூடாமல் ஒரு புதுக் கூடைகூட வாங்கக் கூடாது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. விதி கோல்ஃபுடையதுதான். பந்துக்குப் பதிலாகக் கையால் எறியும் தட்டான டிஸ்க், தரையில் குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. டீ மேடையிலிருந்து எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, குறைந்த எறிகளில் கூடையில் போடுகிறவர் வெல்கிறார். உலகின் முதல் நிரந்தரத் திடல் 1975-இல் கலிஃபோர்னியாவில், ஓக் குரோவ் என்ற பூங்காவில் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் இருந்தபோது ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் தட்டை நேராகப் பறக்கும்படி திருத்தியவர். முதலில் அங்கே இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். டிஸ்க் கம்பத்தில் பட்டதா, உரசியதா, இல்லவே இல்லையா என்ற சண்டைக்கு முடிவுகட்டத்தான் சங்கிலியும் கூடையும் வந்தன. 1977-இல் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. 2002-இல் அவர் இறந்த பிறகு, அவர் விரும்பியபடியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். இவ்வளவு பற்று நமக்கு வேண்டாம். மாதத்தில் ஒரு காலைப்பொழுது மண்வெட்டி பிடித்தால் போதும்.

அந்தப் பிறப்புக் கதையில் நான் பெரிதாக நினைப்பது கூடையை அல்ல, பூங்காவை. இந்த ஆட்டம் தனக்கென நிலம் வாங்கி வளர்ந்ததில்லை. பொதுப் பூங்காவில், நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் நாய்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் இடம் கேட்டு வாங்கி வளர்ந்தது. கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்ளவே சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. புறநகர்ப் பூங்காவின் டிஸ்க் கோல்ஃப் திடலுக்கு வாய்ப்பது, முறை வைத்துப் புல் வெட்ட வரும் ஊழியர்களும், ஆர்வத்தில் வந்து ஆர்வம் தீர்ந்ததும் போய்விடும் எங்களைப் போன்றவர்களும்தான். ஆகவே எதைச் செய்தாலும் அது அதிகக் கவனிப்பு கேட்காத வேலையாக இருக்க வேண்டும்.

இப்போது கால் கணக்கு. விடுமுறை நாளொன்றில் நூறு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஃபேர்வேயின், அதாவது டீக்கும் கூடைக்கும் நடுவிலுள்ள வெளியின், நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. ஒருவர் டிஸ்க் இடப்பக்கம், ஒருவருடையது வலப்பக்கம், ஒருவருடையது புதருக்குள் என்று கால்கள் சிதறிவிடும். டீயிலோ நூறு பேரும் ஏறக்குறைய ஒரே சாண் இடத்தில்தான் முன்காலை ஊன்றுகிறார்கள். ஊன்றுவதோடு நிற்காமல் குதிகாலில் திருகவும் செய்கிறார்கள். கூடையருகிலும் அதே கதை: நூறு பேரும் வந்து, குனிந்து டிஸ்க்கை எடுத்து, அடுத்த டீ இருக்கும் பக்கமாகத் திரும்புகிறார்கள். நூல் கதிரைப் போல நடுவில் அகன்று இரு முனையிலும் கூர்த்துக் கிடக்கிறது ஒவ்வொரு ஹோலும். தேய்மானமெல்லாம் அந்தக் கூர்முனைகளில்தான்.

மண் மிதிபடும்போது முதலில் சாவது புல் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் காற்று. மண்துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் தங்கும் நுண்ணிய இடைவெளிகள் நசுங்கிவிடுகின்றன. பிறகு வேருக்கு மூச்சு இல்லை, மழைநீருக்கு இறங்க வழியில்லை. இறங்க முடியாத தண்ணீர் சமதரையில் தேங்கிச் சேறாகும். சரிவில் ஓடி மண்ணை அரிக்கும். சேற்றைக் கண்டவர்கள் ஓர் அடி ஒதுங்கி நடப்பார்கள். அந்த ஓரடியும் மிதிபடும். அடுத்த மழைக்கு இன்னோர் அடி. கைகுட்டை அளவில் தொடங்கிய வழுக்கை சில பருவங்களில் ஓர் அறை அளவுக்கு விரிந்துவிடும். இத்தனையிலும் டிஸ்க்குக்குப் பங்கே இல்லை.

எட்டாவது டீக்கு வருகிறேன். கான்கிரீட் மேடை நன்றாகவே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம், மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். பல இடங்களிலும் புழங்கும் அளவுதான். கோளாறு மேடை முடிகிற இடத்தில். ஓடிவந்து எறிகிறவர் எறிந்த வேகத்தில் இன்னோர் எட்டு வைத்துத்தான் நிற்பார். அந்த எட்டு மேடைக்கு வெளியே விழும். விழுந்து விழுந்து அங்கே ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறிந்துவிட்டது. கான்கிரீட்டின் கூரான விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கணுக்கால் பிசகுவதற்கு அதைவிட வாகான இடம் கிடையாது. அடியிலிருந்த மண்ணும் கரைந்துபோனதால் மேடையின் முன்மூலை அந்தரத்தில் நிற்கிறது. அப்படியே விட்டால் ஒருநாள் விரிசல் விழும். மண் நிரப்பியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு அப்புறம் மேடையையே உடைக்க வேண்டிவரும்.

பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு தள்ளுவண்டி மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் மழையில் அது களியாகும், இரண்டாவது மழையில் காணாமல் போகும். சரியான வழி கொஞ்சம் முதுகு வலிக்கும் வழி. குழியை இன்னும் ஆழமாக, மேடையின் அகலத்துக்குச் சதுரமாக வெட்ட வேண்டும். சேற்றை முழுக்க அள்ளிவிட வேண்டும். அடியில் நீர் வடியும் துணி விரித்தால், மேலே போடும் கல் நாளடைவில் மண்ணுக்குள் புதையாது. அதன் மேல் நொறுக்கிய சல்லி. உருண்டைக் கூழாங்கல் கூடாது, அது உருளும். முனைகள் உள்ள உடைகல்தான் ஒன்றையொன்று கவ்வும். ஒரே தடவையில் நிரப்பாமல், நாலு விரல் உயரத்துக்குப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி போட்டு இடிக்க வேண்டும். கடைசிப் படலத்துக்குக் கல்தூள். லேசாகத் தண்ணீர் தெளித்து இடித்தால் அது இறுகிவிடும். மேல்மட்டம் கான்கிரீட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். மேடையை விட்டு விலக விலக, தண்ணீர் வெளியே ஓடும்படி சற்றே சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கண்மட்டத்தை நம்பினால் தண்ணீர் மேடைப் பக்கமே திரும்பும்.

புதிதாக மேடை போடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கான்கிரீட்டை வழவழவென்று இழைப்பது கொத்தனாருக்குப் பெருமை. நமக்கு அது ஆபத்து. ஈரம் இறுகும் முன், எறியும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பத்தை இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். அவர் முகம் வாடினாலும் பரவாயில்லை. ரப்பர் விரிப்புகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நனைந்தால் வழுக்கும், ஓரம் சுருண்டு காலைத் தட்டும். கான்கிரீட் போட அனுமதியோ பணமோ இல்லாத இடத்தில், இடித்து இறுக்கிய சல்லிமேல் செயற்கைப் புல் விரித்து மரச்சட்டத்தால் ஓரம் கட்டுவது நல்ல மாற்று. பின்னாளில் திடலை மாற்றியமைக்க நேர்ந்தாலும் பெயர்த்து எடுத்துவிடலாம்.

கூடைப் பக்கத்து வழுக்கைக்குச் சல்லி மருந்தாகாது. அங்கே டிஸ்க் விழும், ஆட்கள் குனிவார்கள், முழங்கால் ஊன்றுவார்கள். அங்கே கூடையையே நகர்த்திவிடுவதுதான் வைத்தியம். நிலத்தில் கான்கிரீட்டுக்குள் ஓர் இரும்புக் குழாயைப் புதைத்து, அதில் கூடையின் காம்பைச் செருகிப் பூட்டுவது வழக்கமான ஏற்பாடு. அப்படிப்பட்ட குழாய்களை ஒரே ஹோலில் இரண்டு மூன்று இடங்களில் புதைத்துவிட்டால் பருவத்துக்கு ஒருமுறை கூடையை மாற்றி வைக்கலாம். ஓரிடம் மிதிபடும்போது மற்றது புல் முளைத்துத் தேறும். ஆட்டக்காரர்களுக்கோ அதே ஹோல் புதிதாகத் தெரியும். நீட்டு நீட்டு என்று நச்சரிப்பவர்களின் வாயை அடைக்கவும் இதுதான் மலிவான வழி. இடங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே நாலு எட்டுத் தூரம் மட்டும் இருந்தால் பயனே இல்லை. ஒரே வழுக்கையின் இரு ஓரங்களாக அவை ஆகிவிடும். கூடையைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் விதியே வேறு: எறிந்த பிறகு உடலைச் சமநிலையில் நிறுத்திக் காட்டும் வரை, எறிந்த இடத்தைத் தாண்டிக் கால் முன்னே போகக் கூடாது. எனவே எல்லோரும் நின்று, நிதானித்து, எடை போட்டு நிற்கும் வட்டம் அது. இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருந்தால் உத்தமம். ஓய்வில் இருக்கும் குழாய்க்கு மூடி போட மறக்க வேண்டாம். குழாயின் வாய் தரைமட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடைகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் முதலில் உடைவது புல்வெட்டியின் கத்தி, அடுத்தது நமக்கும் பூங்கா அலுவலகத்துக்கும் இருக்கும் உறவு.

கூடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள், சிக்கிய சங்கிலியைப் பிரியுங்கள், திறந்துகொண்ட கொக்கியை இடுக்கியால் நெருக்குங்கள். நல்ல கூடை பல்லாண்டு உழைக்கும்.

சரிவுகளில் இருக்கும் ஹோல்கள் தனி ரகம். கூடையிலிருந்து அடுத்த டீக்கு ஆட்கள் போகும் வழியை யாரும் வரைந்து கொடுப்பதில்லை. அவர்களே மிதித்து உண்டாக்குகிறார்கள். மனிதக் கால் எப்போதும் நேர்வழிதான் பிடிக்கும். சரிவில் நேர்வழி என்றால் மேலிருந்து கீழே செங்குத்தாக, அதாவது தண்ணீர் ஓட விரும்பும் அதே வழியாக. பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் ஒரு கைக்கணக்கு இங்கே உதவும்: பாதையின் சரிவு, அது குறுக்கே போகும் மேட்டின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாதையே வாய்க்காலாகிவிடும். ஆக, பாதையை மேட்டின் குறுக்காகச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். பழைய செங்குத்து வழியை மூட, "இவ்வழியே செல்லாதீர்" என்று பலகை நட்டுப் பயனில்லை. வெட்டிய கிளைகளை அதன் வாயில் குவித்து, உள்ளே நாலு செடி வைத்தால் கால் தானாகத் திரும்பும். அதைவிட மலிவானது, கூடையின் பக்கத்தில் அடுத்த டீ எங்கே என்று காட்டும் ஓர் அம்புக்குறி. திடலுக்குப் புதிதாக வருபவர் வழி தேடி அலைவதில் மிதிபடும் புல் கொஞ்சநஞ்சமல்ல.

மரங்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மரம் இல்லாவிட்டால் இந்த ஆட்டத்தில் சுவையே இல்லை. அதைத்தான் நாங்கள் மிக அலட்சியமாக நடத்துகிறோம். டீயிலிருந்து இருபது மீட்டரில், எறியும் கோட்டின் ஓரத்தில் நிற்கும் மரத்தைப் போய்ப் பாருங்கள். மார்பளவு உயரத்தில், டீயைப் பார்த்த பக்கம் மட்டும் பட்டை உரிந்து, நார்நாராய்ப் பிய்ந்து, உள்மரம் பழுப்பாகத் தெரியும். பருவம் முழுக்க அந்த இடத்திலேயே கடினமான விளிம்பு கொண்ட டிஸ்க்குகள் மோதிக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? அமெரிக்க வனத்துறையில் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ நிறுவிக் காட்டியது இது: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதைச் சுற்றிப் புது மரத்தை வளர்க்கிறது. அந்தச் சுவரை எழுப்பி முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தால் மரம் தோற்றுக்கொண்டே போகும்.

மரச்சட்டங்களையோ தடித்த கயிற்றையோ அடிமரத்தைச் சுற்றித் தொங்கவிட்டால் அடி தாங்கும். ஆணி அடிக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. மரம் பருக்கும்போது கட்டு கழுத்தை நெரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திவிட வேண்டும். வேர்களுக்கு மரச்சீவல் போடலாம். நீரும் உணவும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் முழங்கை ஆழத்துக்குள்தான் இருக்கும் என்பதால் மிதியின் அடி நேராக அவற்றுக்குத்தான் போகிறது. நாலு விரல் கனத்துக்குச் சீவல் பரப்பினால் மிதியும் மெத்தும், ஈரமும் காக்கும், புல்வெட்டியும் அடிமரத்தை நெருங்காது. ஆனால் அடிமரத்தோடு ஒட்டிக் கோபுரம்போலக் குவிப்பதை எங்கே பார்த்தாலும் தள்ளிவிட்டுத்தான் நகர்வேன். பட்டை ஈரத்திலேயே ஊறினால் அழுகும்.

கிளையை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். தன் எறிக்கு இடைஞ்சல் என்று, யாரும் பார்க்காதபோது ஒரு கிளையை முறித்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல நிற்பார்கள். அது விதிப்படியே குற்றம். கூடைக்கும் தனக்கும் நடுவே வளர்ந்து நிற்பதை அசைத்து வழி செய்துகொள்ள எந்த ஆட்டக்காரருக்கும் உரிமை கிடையாது. திடலைப் பராமரிக்கும் எங்களுக்கும்கூடப் பூங்கா நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ரம்பத்தைத் தொட உரிமை இல்லை. இதை எங்கள் கூட்டத்திலேயே சிலருக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மரத்தை அவசரப்பட்டு வெட்டினால் திடலையே பிடுங்கச் சொல்ல அக்கம்பக்கத்தார் ஒருவருக்கு அது போதும்.

புல் வெட்ட வரும் ஊழியரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். திடலில் அவருக்கு எது தொல்லை என்று கேட்டேன். "கூடை ஒன்றும் தொல்லை இல்லை சார். அதைச் சுற்றி நீங்கள் அழகுக்கு அடுக்கி வைத்திருக்கும் கற்கள்தான்" என்றார். ஒவ்வொரு கூடைக்கும் இயந்திரத்தை விட்டு இறங்கி, கைவெட்டியால் கற்களின் இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறதாம். பலகைகளையும் பெஞ்சுகளையும் கற்களையும் அவர் இயந்திரம் வளைந்து போகிறமாதிரி வைத்தால் வெட்டு ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால் அவர் அந்த மூலையையே விட்டுவிடுவார், அடுத்த மாதம் அங்கே இடுப்பளவு களை நிற்கும். திடலில் எதை மாற்றுவதானாலும் முதலில் அவரைக் கேட்பது என்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். ஆட்டக்காரர்கள் பத்துப் பேரைக் கேட்பதைவிட அது பயன் தருகிறது.

பாதுகாப்பு என்று வரும்போது பழைய திடல்களுக்குப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முதல் திடல்கள் வரைபடத்தில் ஏறியபோது ஆட்டக்காரர்கள் எறிந்தவை வட்ட விளிம்புள்ள, மிதந்து போகும் தட்டுகள். 1983-இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிய டிஸ்க்கை வடிவமைத்தார். அதற்குப் பின் வந்தவை காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. 2016-இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் பின்காற்றின் துணையோடு எறிந்தது 338 மீட்டர். நம்மவர்கள் அதில் மூன்றிலொரு பங்கு எறிந்தாலும், அன்று போதுமானதாக இருந்த இடைவெளி இன்று போதாது. எதிர் ஃபேர்வேயில் நிற்பவர் மண்டைக்கு ஆபத்து.

இங்கே கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருப்பது நல்லது. வலக்கைக்காரர் பின்கையாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி, எறியும் டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகச் சுழலும். வேகம் தணியத் தணிய இடப்பக்கமாகச் சாய்ந்து விழும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எறிகிறார்கள். எனவே ஃபேர்வேயின் கடைசி மூன்றிலொரு பங்கில் இடப்பக்கத்தை ஒட்டி நடைபாதை போனால், டிஸ்க்குகள் நாள் முழுக்க அங்கேதான் இறங்கும். வலப்பக்கம் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. பிடி தாமதமாக விடுபட்டால் டிஸ்க் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் வலப்பக்கம் பாயும். டீக்கு அருகில் வலப்பக்கம் விளையாட்டுத் திடலோ பெஞ்சோ இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. எச்சரிக்கைப் பலகையை நம்பி யாரும் தப்பித்ததில்லை. டீயை ஐந்து மீட்டர் நகர்த்தி, எறியும் கோணத்தைச் சிறிது திருப்பினால் பாதை தப்பும். அதைச் செய்ய முடியாத இடத்தில் அந்த ஹோலை எடுத்துவிடுவதே மேல். பதினெட்டு ஹோல் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. நெருக்கடியான பதினெட்டைவிடக் காற்றோட்டமான ஒன்பது நல்ல திடல்.

இதைச் சொன்னால் நீளமாக எறியக்கூடியவர்களுக்கு முகம் சுருங்கும். கூட்டங்களில் குரல் ஓங்கி ஒலிப்பது அவர்களுடையதுதான். தன் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, நாற்பது மீட்டர் எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நடப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. பூங்காத் திடல் அவருக்காகத்தான் போடப்பட்டது. நீண்ட எறிக்காரர்களுக்கு அதே ஹோலில் பின்னால் இன்னொரு டீ போட்டுக் கொடுக்கலாம், இடம் இருந்தால். முன் டீயைத் தூக்கிவிட்டுப் பின் டீ போடுவது என்ற யோசனை வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்று மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்களுக்குள் ஓடும் விவாதம் பன்னிரண்டாவது ஹோலின் பெரிய மரத்தைப் பற்றியது. ஃபேர்வேயின் நடுவில் நின்று, இடமா வலமா என்று ஆட்டக்காரரை யோசிக்க வைக்கும் மரம். அடிமரத்தில் பட்டை பாதிக்குமேல் போய்விட்டது, உச்சிக்கிளைகள் காய்கின்றன. சட்டம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அது கொஞ்சம் காலம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அதன் பின்னால், எறியும் கோட்டிலிருந்து விலகி, இரண்டு கன்றுகளைக் கூண்டு போட்டு நட்டிருக்கிறோம். பெரிய மரம் விழும்போது அவை தோளுயரம்கூட வளர்ந்திருக்காது. இடையில் சில ஆண்டுகள் அந்த ஹோலில் யார் வேண்டுமானாலும் நேராக எறிந்து மூன்று எறிகளில் முடித்துவிடலாம். "இப்படி எளிதாகப் போனால் எப்படி?" என்று இப்போதே புகார் வரத் தொடங்கிவிட்டது. புகார் சொன்னவரிடம் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறையைக் கொடுத்திருக்கிறோம்.